கடிதம் நம்ம ஊரு, ஓட்டு வேற ஊரு: சர்வதேசத் தபாலை யார் ஆள்றாங்க?

அரியாங்குப்பத்துல இருந்து பேசுறேன். போன வாரம் சொன்ன மாதிரி, இன்னைக்கு ஒரு வரலாற்று எபிசோட். விஷயம் சர்வதேசத் தபால். "தபாலா? அதெல்லாம் எங்க தாத்தா காலத்து சமாச்சாரம்"னு தாவிடாதீங்க. உங்க போன்ல இருக்கிற ஷாப்பிங் ஆப்ல ஒரு வெளிநாட்டு பொருளோட டெலிவரி கட்டணம் ஏன் அவ்வளவு, அதை யார் முடிவு பண்ணாங்கங்கிற கேள்விக்கான பதில் இந்தக் கதைக்குள்ளதான் இருக்கு. நம்ம புதுச்சேரியும் இந்தக் கதையில கிட்டத்தட்ட ஆரம்பத்துல இருந்தே இருக்கு.

சமீபத்துல நடந்ததுல இருந்து ஆரம்பிப்போம். 2025 ஆகஸ்ட் 25. அன்றிலிருந்து இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான பொருட்களை வாங்குவதை நிறுத்தியது. முதலில் கடிதங்களுக்கும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. சில நாட்களில் அதுவும் நின்றது. காரணம் இதுதான்: 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சல்களுக்கு சுங்கவரி இல்லை என்று அதுவரை இருந்த சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் ரத்து செய்தது. வரி போட்டது சரி, அந்த வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற நடைமுறை தெளிவாக இல்லை. விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்ற மறுத்தன.

இந்தியா மட்டும் இல்லை. 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுசாகவோ பகுதியாகவோ நிறுத்திவிட்டதாகவும், ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குப் போன தபால் ஒரு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட 81 சதவீதம் விழுந்துவிட்டதாகவும் உலகத் தபால் ஒன்றியம் அறிவித்தது. இந்தியாவிலிருந்து சேவை மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-ல்.

அதாவது ஏழு வாரத்துக்கும் மேலே. பெரிய ஏற்றுமதி கம்பெனிக்கு இது ஒரு தலைவலி, அவ்வளவுதான். அவங்களுக்கு கன்டெய்னர் இருக்கு, கூரியர் ஒப்பந்தம் இருக்கு. வீட்டிலேயே ஊதுபத்தி, கைவினைக் காகிதம், தோல் பொருள், எம்பிராய்டரினு செஞ்சு, ஆன்லைன்ல ஆர்டர் பிடிச்சு, தபால் ஆபீஸ்ல வரிசையில நின்னு அனுப்புற ஒருத்தருக்கு அது ஒரு சீசனே போன மாதிரி. அந்த முடிவு எடுக்கப்பட்ட எந்த அறையிலயும் அவர் இல்லை. அவர் சார்பா பேசவும் ஆள் இல்லை.

இது எப்படி இப்படி ஆச்சு? இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

231 ஒப்பந்தம்

உலகத் தபால் ஒன்றியத்தை ஆங்கில முதலெழுத்துகளை வைத்து யூபியூ என்பார்கள். தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். இன்று 192 உறுப்பு நாடுகள். ஐக்கிய நாடுகள் சபையைவிட ஏழு பத்தாண்டுக்கும் மேலே மூத்தது.

அது வருவதற்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கடிதம் போடுவது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். இடையில் இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு. எடை அளவுகள்கூட வேறு வேறு.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும். எல்லாரும் எல்லாரோடவும் தனித்தனி இணைப்பு வச்சுக்கிட்டா, 22 பேருக்கு 231 இணைப்பு வேணும். இன்னும் ஒருத்தர் சேர்ந்தா மேலும் 22. இது தாங்காது. எல்லாருக்கும் பொதுவா ஒரு புரோட்டோகால் வேணும்.

அந்தப் பொது விதியைக் கொண்டு வந்ததில் முக்கியமானவர் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டீஃபன் என்ற ஜெர்மன் தபால் அதிகாரி. 1874 செப்டம்பரில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் பெர்னில் கூடினார்கள். அக்டோபர் 9-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தத் தேதிதான் இன்று உலகத் தபால் தினம். ஒப்பந்தத்தின் மையம் ஒரே ஒரு கருத்து: உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து கடிதப் போக்குவரத்துக்கு ஒரே தபால் பிரதேசம். 15 கிராம் கடிதத்துக்கு அடிப்படைக் கட்டணம் 25 சாந்தீம். ஒரு நாட்டின் தபாலை இன்னொரு நாடு தன் வழியாகப் போகவிட வேண்டும்.

அன்று கையெழுத்துப் போடாமல் தயங்கிய ஒரு பெரிய நாடு உண்டு. பிரான்ஸ். அது 1875 மே மாதம்தான் கையெழுத்துப் போட்டது. 1876 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

பிரான்ஸ்னதும் நம்ம ஊருக் கதை ஆரம்பிக்குதுன்னு புரிஞ்சிருக்கும்.

ஒரே காகிதத்தில் கடலூரும் புதுச்சேரியும்

அரியாங்குப்பத்திலிருந்து கடலூருக்கு எவ்வளவு தூரம்? இருபது கிலோமீட்டர் இருக்கலாம். பஸ் ஏறினா, முள்ளோடை தாண்டினா தமிழ்நாடு. இன்னைக்கு அது பெட்ரோல் விலை மாறுற இடம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி அது ரெண்டு சாம்ராஜ்யத்தோட எல்லை. இந்தப் பக்கம் அரியாங்குப்பம் பிரெஞ்சு ஆட்சியில. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா.

பெர்ன் ஒப்பந்தம் முதலில் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கானது. கடல் கடந்த காலனிகளைச் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டனும் பிரான்ஸும் கேட்டன. பிரிட்டன் கேட்டது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. பிரான்ஸ் கேட்டது தன் காலனிகள் எல்லாவற்றுக்கும். 1876 ஜனவரியில் இதற்காகவே பெர்னில் மறுபடி கூடினார்கள். ஜனவரி 27-ம் தேதி கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில், பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் காலனிகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. 1876 ஜூலை 1 முதல் அமல்.

யோசிச்சுப் பாருங்க. கடலூரும் புதுச்சேரியும் சர்வதேசத் தபாலுக்குள் நுழைந்தது ஒரே நாளில், ஒரே காகிதத்தில். ஆனால் ரெண்டு வேற வேற பெயர்களுக்குக் கீழே.

அந்தக் கூட்டத்தில் முக்கியமான பேச்சுவார்த்தை எதைப் பற்றித் தெரியுமா? கடல்வழிக் கட்டணம். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கிலோ தபாலுக்கு எவ்வளவு கொடுப்பது என்பது. அந்தக் கப்பல் வழிகளில் பெரியவை பிரிட்டனுடையதும் பிரான்ஸுடையதும். ஆக, காலனிகளை உள்ளே சேர்க்கிற பேச்சும் கப்பல் கூலிப் பேச்சும் ஒரே மேசையில் நடந்தன. தபால் ஆட்சியின் வரலாறு முழுக்க இந்த மாதிரிதான் போகும். மேடையில் "உலகம் ஒரே குடும்பம்" என்று பேச்சு. மேசைக்குக் கீழே யார் யாருக்கு எவ்வளவு தரணும் என்று கணக்கு.

ஓட்டு இருந்தது

1878-ல் பாரிஸில் அடுத்த மாநாடு. அமைப்பின் பெயர் 'பொதுத் தபால் ஒன்றியம்' என்பதிலிருந்து 'உலகத் தபால் ஒன்றியம்' என்று மாறியது அங்கேதான். அந்த ஒப்பந்தத்தில் ஒரு சுவாரசியமான பிரிவு இருக்கிறது. எதையெல்லாம் 'ஒரு நாடு' என்று எடுத்துக்கொள்வது என்ற பட்டியல். பிரிட்டிஷ் இந்தியப் பேரரசு ஒரு நாடு. கனடா ஒரு நாடு. பிரெஞ்சுக் காலனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாடு. டச்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசிய, டேனிஷ் காலனிகளும் அப்படியே, தொகுப்புக்கு ஒன்று.

ஒரு நாடு என்றால் ஒரு ஓட்டு. அப்படியென்றால் பிரான்ஸுக்குத் தன் ஓட்டு ஒன்று, காலனிகளின் பெயரில் இன்னொன்று. பிரிட்டனுக்குத் தன் ஓட்டு, இந்தியாவின் பெயரில் ஒன்று, கனடாவின் பெயரில் ஒன்று.

நம்ம புதுச்சேரி எங்க இருந்தது? மார்த்தினீக், செனகல், சைகோன் எல்லாத்தோடவும் ஒரே மூட்டையில. அந்த மூட்டைக்கு ஒரு ஓட்டு. அந்த ஓட்டைப் போட்டது பாரிஸ் அனுப்புன அதிகாரி. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் அதே கதைதான். கடலூர்ல கடிதம் போடுற யாரும் அந்தப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலை.

ஆனால் சேவையே போலின்னு சொல்ல முடியாது. சேவை உண்மையிலேயே வந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ குடும்பங்களின் ஆண்கள் வேலைக்கு சைகோன் போனார்கள். அரசு அலுவலகம், போலீஸ், வரிவசூல் என்று பல வேலைகள். அவர்களின் கடிதமும் பணமும் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த பாதை இந்தத் தபால்தான். 1892-ல் பிரெஞ்சு இந்தியாவின் பெயர் பொறித்த முதல் ஸ்டாம்ப்கள் வந்தன. அதற்கு முன்பு பிரெஞ்சுக் காலனிகள் அனைத்துக்கும் பொதுவான ஸ்டாம்ப்தான். 1923-ல் ஸ்டாம்ப்பின் மேல் சாந்தீமுக்குப் பதிலாக உள்ளூர்ப் பணத்தை அச்சடித்தார்கள்: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். அந்தச் சின்னக் காகிதத்தில் பிரெஞ்சு எழுத்தும் நம்ம பணமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இந்த ஸ்டாம்ப் சேகரிக்கிறவங்க இப்பவும் உலகம் முழுக்க இருக்காங்க.

'இந்தியா' பத்திரிகை எங்கே நின்றது?

ஒரே தபால் பிரதேசம் என்ற வாக்குறுதிக்கு எல்லை எங்கே என்பதை நம்ம ஊரிலேயே பார்க்கலாம்.

1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். சென்னையில் நடத்த முடியாமல் போன 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீஸ் அச்சகத்துக்குள் நுழைந்து பூட்டு போட முடியாது. ஆனால் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில். பத்திரிகை அவர்களிடம் போகவேண்டிய வழி தபால். அந்தப் பத்திரிகை தன் எல்லைக்குள் நுழைய பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. 1910 தொடக்கத்தில் பத்திரிகை நின்றுபோனது.

அச்சகத்தைத் தொடவே இல்லை. விநியோகத்தை நிறுத்தினா போதும்.

இதற்குச் சட்டத்தில் இடமும் இருந்தது. 1898-ம் ஆண்டின் இந்தியத் தபால் சட்டம், பொதுப் பாதுகாப்பு, அவசர நிலை என்ற காரணங்களைச் சொல்லித் தபாலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சர்வதேச ஒப்பந்தம் தபாலைக் கொண்டுபோகும் கடமையைச் சொல்லும். உள்ளூர்ச் சட்டம் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லும். ரெண்டும் மோதினால் ஜெயிப்பது எப்போதும் எல்லையில் நிற்கும் அரசுதான். பெர்னில் உட்கார்ந்திருக்கும் அமைப்பிடம் போலீஸும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. 2025-ல் அமெரிக்கா சுங்க விதியை மாற்றியபோதும் இதைத்தான் பார்த்தோம். தபால் ஒப்பந்தத்தைத் தொடாமலேயே தபாலை நிறுத்த முடியும்.

'ஒரு கடிதத்துக்கு ஒரு பதில்'

இப்ப கணக்குக்கு வருவோம். இதுதான் மொத்தக் கதையோட அச்சாணி. கொஞ்சம் கவனமா கேளுங்க.

புதுச்சேரியிலிருந்து லியோனுக்கு ஒரு கடிதம் போகுது. ஸ்டாம்ப் காசு புதுச்சேரியில வசூலாச்சு. ஆனா லியோன்ல அதைப் பிரிச்சு, தெருத் தெருவா நடந்து, கதவைத் தட்டிக் கொடுக்கிற தபால்காரருக்கு யார் கூலி கொடுக்கிறது?

1874-ல் அவர்கள் எடுத்த முடிவு: யாரும் கொடுக்க வேண்டாம். வசூலித்த நாடு முழுக் காசையும் வைத்துக்கொள்ளட்டும். ஏன்? ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும். உன் கடிதத்தை நான் கொடுக்கிறேன், என் கடிதத்தை நீ கொடு. கடைசியில் கணக்கு நேராகிவிடும். வழியில் தூக்கிச் செல்லும் நாடுகளுக்கு மட்டும் கூலி உண்டு. கொண்டுபோய்க் கொடுக்கும் நாட்டுக்கு இல்லை.

இன்டர்நெட்டிலும் இதே ஏற்பாடு இருக்கு. ரெண்டு பெரிய நெட்வொர்க் ஒருத்தரோட டிராஃபிக்கை ஒருத்தர் இலவசமா வாங்கிக்கும், போற வர்ற அளவு ஏறக்குறைய சமமா இருக்கிற வரைக்கும். ஒரு பக்கம் மட்டும் கொட்ட ஆரம்பிச்சா சண்டை வரும். 2014-ல அமெரிக்காவுல நெட்ஃபிளிக்ஸ், காம்காஸ்ட்டுக்குக் காசு கொடுக்க ஒத்துக்கிட்டது அப்படிப்பட்ட ஒரு சண்டைக்கு அப்புறம்தான்.

தபாலிலும் அதுதான் நடந்தது. கடிதத்துக்குப் பதில் வரும். பத்திரிகைக்கும் விளம்பரக் கட்டுக்கும் கேட்டலாகுக்கும் பதில் வருமா? வராது. பணக்கார நாடுகள் நிறைய அனுப்பின, ஏழை நாடுகள் நிறைய வாங்கின. புதிதாக விடுதலை அடைந்த நாடுகளின் தபால்காரர்கள் வெளிநாட்டுக் கட்டுகளை இலவசமாகச் சுமந்தார்கள். அந்த நாடுகள் யூபியூவில் உறுப்பினர்களாகப் பெருகிய பிறகு, 1969 டோக்கியோ மாநாட்டில் விதி மாறியது. அதிகம் அனுப்பும் நாடு, அதிகமாகப் பெறும் நாட்டுக்கு, வித்தியாசத்துக்குக் கிலோ கணக்கில் ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். இதன் பெயர் டெர்மினல் டியூஸ். நம்ம மொழியில சொன்னா, கடைசி வாசப்படிக் கூலி.

இதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. ஓட்டு நிஜமாகவே அந்தந்த நாட்டின் கைக்கு வந்ததும், 95 வருஷமா மாறாத விதி மாறுது. ஆட்சி முறையும் காசும் வேற வேற விஷயம் இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

அப்புறம் வளர்ந்த நாடுகளுக்கு அதிகக் கட்டணம், வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம் என்று பிரித்தார்கள். அப்போது அது நியாயமாக இருந்தது. கடித உலகத்தில் யோசித்த விதி அது. பிறகு ஆன்லைன் ஷாப்பிங் வந்தது.

வளரும் நாடு என்ற பட்டியலில் சீனாவும் இருந்தது. அங்கிருந்து கிளம்பும் சின்னச் சின்னப் பொட்டலங்களுக்கு அமெரிக்கத் தபால் துறைக்குக் கிடைத்த கூலி, உள்ளூர்க் கட்டணத்தைவிட ரொம்பக் குறைவு. 2015-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அமேசான் அதிகாரி ஒருவர் ஒரு கணக்கு சொன்னார். ஒரு பவுண்டு பொட்டலத்தைத் தென் கரோலினாவிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்ப சுமார் 6 டாலர். அதையே பெய்ஜிங்கிலிருந்து அனுப்ப 3.66 டாலர். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருவது அதே நாட்டுக்குள்ளிருந்து வருவதைவிட மலிவு.

ஜெனீவாவில் ரெண்டு நாள்

2018 அக்டோபர் 17. ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா நோட்டீஸ் கொடுத்தது. விதிப்படி ஒரு வருஷம் கழித்து விலகல் நடைமுறைக்கு வரும். அதற்குள் தீர்வு காணணும். 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடுதல் மாநாடு கூடியது. ஒன்றியத்தின் வரலாற்றிலேயே மூன்றாவது கூடுதல் மாநாடு அது.

செப்டம்பர் 24. எல்லா நாடுகளும் தங்கள் கட்டணத்தைத் தாங்களே உடனே அறிவித்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 57. எதிர்ப்பு 78. நடுநிலை 9. யோசனை தோற்றது.

செப்டம்பர் 25. ஒரு சமரசத் தீர்மானம் வந்தது. அதிக அளவில் இறக்குமதி செய்யும் அமெரிக்கா போன்ற நாடு 2020 ஜூலை முதலே தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கலாம். மற்றவர்களுக்கு 2021 முதல் 2025 வரை படிப்படியாக. ஒருமனதாக நிறைவேறியது.

இருபத்து நான்கு மணி நேரத்துல என்ன நடந்தது? ஒரு நாடு, ஒரு ஓட்டு என்ற விதி முதல் நாள் வேலை செஞ்சது. "நான் போயிடுவேன்" என்ற மிரட்டல் ரெண்டாம் நாள் வேலை செஞ்சது. அமெரிக்கா வெளியே போனா எல்லாரும் 1874-க்கு முன்னாடி இருந்த மாதிரி அதோட தனியா ஒப்பந்தம் போடணும். அந்த 231 கோடுகள் மறுபடி வரும். அதுக்குப் பயந்தாங்க.

அமெரிக்கா கேட்டதில் நியாயமே இல்லைன்னு நான் சொல்லலை. கட்டணம் செலவுக்குப் பொருத்தமா இருக்கணுங்கிறது சரியான வாதம். என் கவலை வேற. அந்தச் சரியான வாதம் பல வருஷமா கூட்டத்துல பேசப்பட்டும் நகரலை. வெளியே போற கதவைத் திறந்து காட்டின ஒரு வருஷத்துக்குள்ள நகர்ந்தது. அப்படின்னா, கதவைத் திறந்து காட்ட முடியாத நாடுகளோட சரியான வாதங்களுக்கு என்ன வழி?

யார் சார்பா யார் பேசுறாங்க?

1954 நவம்பர் 1. புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. தபாலும் வந்தது. பிரெஞ்சு ஸ்டாம்ப் போய் இந்திய ஸ்டாம்ப் வந்தது. அரியாங்குப்பத்துக்கும் கடலூருக்கும் நடுவே இருந்த சர்வதேச எல்லை தபாலுக்கு இல்லாமல் போனது. பெர்னில் நமக்கான ஓட்டு பாரிஸிடமிருந்து டெல்லிக்கு மாறியது. இது பெரிய மாற்றம். டெல்லியை நாம் தேர்ந்தெடுக்கிறோம், அது கேள்வி கேட்கக்கூடிய இடம்.

ஆனால் பெர்ன் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் போய் உட்காருவது யார்? அஞ்சல் துறை. நாட்டின் தபால் சேவையை நடத்துவதும் அஞ்சல் துறை. விதிகளை வகுப்பதும் அதேதான். 125 வருஷத்துக்கு மேல் இருந்த 1898 சட்டத்துக்குப் பதிலாக அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023 வந்தது, 2024 ஜூன் 18-ல் அமலானது. கடிதம் கொண்டுபோகத் தபால் துறைக்கு மட்டுமே உரிமை என்ற பழைய ஏகபோகப் பிரிவு அதில் இல்லை. இடைமறிக்கும் அதிகாரம் தொடர்கிறது. ஆனால் தபாலுக்கென்று ஒரு தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அந்தச் சட்டம் உருவாக்கவில்லை. டெலிகாமுக்கு டிராய் இருக்கு, தபாலுக்கு அப்படி யாரும் இல்லை.

உலக அளவிலும் இதே சிக்கல்தான். யூபியூவின் மாநாடு நான்கு வருஷத்துக்கு ஒரு முறை. நடுவில் 41 நாடுகள் கொண்ட நிர்வாகக் குழுவும், 48 நாடுகள் கொண்ட செயல்பாட்டுக் குழுவும் வேலையைப் பார்க்கின்றன. பல நாடுகளிலிருந்து வருபவர்கள் அந்த நாட்டுத் தபால் நிறுவனத்தின் ஆட்கள். கட்டணம் வாங்குகிறவரே கட்டண விதியும் எழுதுகிறார். மற்ற தரப்புகளுக்காக 2004-ல் ஒரு ஆலோசனைக் குழு உருவாக்கப்பட்டது. 2023-ல் ரியாத் கூடுதல் மாநாட்டில், தனியார் கூரியர், ஆன்லைன் சந்தைகள் மாதிரியானவர்களுக்குக் கதவை எவ்வளவு திறப்பது என்பது முக்கிய விவாதமாக இருந்தது.

அங்கேயும் கவனிங்க. உள்ளே வரத் தயாரா இருக்கிறவங்க பெரிய கம்பெனிகள். அவங்க வரட்டும், தப்பில்லை. டேட்டாவும் தொழில்நுட்பமும் அவங்ககிட்ட இருக்கு. ஆனா அனுப்புற சாதாரண ஆள் அப்பவும் வெளியதான்.

அப்போ என்ன மாறணும்? மூணு விஷயம் சொல்றேன். மூணும் புரட்சி இல்லை, செய்யக்கூடியது.

ஒண்ணு, நடத்துகிறவரும் விதி எழுதுகிறவரும் வேறாக இருக்கணும். தபாலுக்கு ஒரு தனி ஒழுங்குமுறை அமைப்பு இருந்தால், பெர்னுக்குப் போகும் குழுவில் "இது துறைக்கு லாபமா" என்ற கேள்வியோடு "இது அனுப்புகிறவருக்கு நியாயமா" என்ற கேள்வியும் போகும்.

ரெண்டு, மாநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தியா எந்த நிலைப்பாட்டோட போகுதுன்னு வெளியிடணும், கருத்து கேட்கணும். நாட்டில் ஆயிரத்துக்கும் மேலே டாக் கர் நிர்யாத் கேந்திராக்கள் இருக்கின்றன. சின்ன வியாபாரிகள் தபால் வழியா ஏற்றுமதி பண்ண உதவுற மையங்கள் அவை. யார் எதை எங்கே அனுப்புறாங்க, எங்கே சிக்கல்னு முதல்ல தெரியுறது அந்தக் கவுன்ட்டருக்குத்தான். அங்கே சேருகிற புகாரும் அனுபவமும் ஜெனீவா, பெர்ன் வரைக்கும் போக ஒரு வழி வேணும். மென்பொருள்ல பக் ரிப்போர்ட் இல்லாம யாராவது அடுத்த வெர்ஷன் விடுவாங்களா?

மூணு, சுங்கமும் தபாலும் ஒரே மேசையில உட்காரணும். பாரதியார் காலத்திலும் சரி, 2025-லும் சரி, தபாலை நிறுத்தியது தபால் விதி இல்லை. ஒரு நாடு சுங்க விதியை மாற்றும்போது, தபால் வழியாக வரும் பொருட்களுக்கு நியாயமான கால அவகாசம் கொடுக்கணும்னு ஒரு பொது உடன்பாடு வந்தாலே, அந்த ஏழு வாரம் மாதிரியான ஒரு நிலை திரும்ப வராமல் தடுக்க ஆரம்பிக்கலாம். மீறுகிற நாட்டைத் தண்டிக்க பெர்னிடம் வழி இல்லைதான். ஆனால் எழுதிவைத்த காலக்கெடு ஒன்று இருந்தால், விமானக் கம்பெனியும் தபால் துறையும் வியாபாரியும் அதை வைத்துத் திட்டம் போட முடியும்.

நம்ம ஊரு பக்கத்துல அரிக்கமேடு இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரி மதுச்சாடி இங்க வந்து இறங்கியிருக்கு. தூர தேசத்துக்குப் பொருள் அனுப்புறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. நாம் அனுப்புற பொருளோட விதியை எழுதுற இடத்துல நம்ம குரல் இருக்கிறதுதான் இன்னும் நடக்கலை. 1878-ல அது பாரிஸ்ல மூட்டையோட மூட்டையா இருந்தது. இப்ப டெல்லி வரைக்கும் வந்திருக்கு. அங்கேருந்து அரியாங்குப்பம் தபால் ஆபீஸ் கவுன்ட்டர் வரைக்கும் வரணும்.

நீங்க வெளிநாட்டுக்குத் தபால்ல பொருள் அனுப்புறவங்களா? 2025 ஆகஸ்ட்ல உங்க ஆர்டர் என்ன ஆச்சு, எப்படிச் சமாளிச்சீங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல உங்க கதைகளைத்தான் போடப்போறேன். வீட்டுல பழைய சைகோன் கவர் ஏதாவது ஸ்டாம்போட இருந்தா, அதைப் பத்தியும் சொல்லுங்க.

அடுத்த வாரம் பேசலாம்.